குடிபெயர்ந்த மென்பொருள் நூலகம்

பிற மாநிலங்களில் குடியமர்ந்து வாழும் தமிழ் மக்களுக்குக் குடிபெயர்தல் என்பதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை. உடன் கொண்டுவர இயன்றவை இவை, பிறந்த ஊரிலேயே விட்டுவர வேண்டியவை இவை என்று பிரித்துப் பார்த்த நாள் ஒன்று அவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் இருந்திருக்கும். கணிப்பொறி உலகிலும் இத்தகைய குடிபெயர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. அங்கே பெயர்ந்தவர் மனிதர் அல்லர். மென்பொருள் நூலகம் ஒன்று பெயர்ந்தது. விண்டோஸ் என்னும் இயங்குதளத்தில் பிறந்து வளர்ந்த அந்நூலகத்தை லினக்ஸ் இயங்குதளத்திலும் மாக் கணிப்பொறியிலும் வாழவைக்க இரு சாரார் முயன்றனர். பொருள்வளம் மிக்க நிறுவனம் ஒன்றின் முயற்சி சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஊதியம் கருதாத ஆர்வலர் சிலர் தொடங்கிய முயற்சி இன்றும் நடந்துவருகிறது. இவ்விரண்டின் வரலாற்றையும், முடிவுகள் வேறுபட்டமைக்குரிய காரணங்களையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் நூலகம் என்று இங்கே எதனைக் குறிக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணிப்பொறித் திரையில் நாம் காணும் பொத்தான், எழுத்துப்பெட்டி, பட்டியல், பட்டை முதலியவை தாமாகத் தோன்றுவன அல்ல. ஒவ்வொன்றையும் எங்கே வரைவது, அழுத்தினால் என்ன செய்வது, மறைந்தபின் எவ்வாறு மீண்டும் வரைவது என்பனவற்றை யாரோ ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1990-ஆம் ஆண்டில் விண்டோஸ் 3.0 வெளிவந்து பரவத் தொடங்கிய காலத்தில், ஒரு வெற்றுச் சாளரத்தைத் திரையில் திறப்பதற்கே நிரலாளர் பல பத்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. சாளரத்தின் வகையைப் பதிவுசெய்ய வேண்டும். இயங்குதளம் ஓயாது அனுப்பும் செய்திகளை வரிசையாக வாங்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மரம் அறுப்பதிலிருந்தே தொடங்கும் தச்சரைப் போன்றது இந்நிலை. செய்துவைத்த நிலையையும் கதவையும் சன்னலையும் எடுத்துப் பொருத்த இயலுமாயின் தச்சரின் உழைப்பு வீட்டின் அமைப்பிலே செல்லும். அவ்வாறு செய்துவைத்த உறுப்புகளின் தொகுதியே உறுப்பு நூலகம் எனப்படுவது.

நம் வரலாற்றின் வேர் ஸ்விட்சர்லாந்தில் உள்ளது. ஜூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த், 1970-இல் பாஸ்கல் என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். மாணவர்க்கு ஒழுங்கான நிரல் எழுதும் முறையைக் கற்பிக்க ஏற்ற மொழி என அது பெயர் பெற்றது. 1983-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்னும் கருவியை 50 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது. மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரும், நிரலை எழுதித் திருத்தும் இடமும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. அக்கம்பைலரை எழுதியவர் டென்மார்க் நாட்டு ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1995 பிப்ரவரி 14 அன்று, அதே நிறுவனம் டெல்ஃபி என்னும் கருவியை வெளியிட்டது. அதனுள் இருந்த உறுப்பு நூலகத்தின் பெயர் விசுவல் காம்போனென்ட் லைப்ரரி, சுருக்கமாக வி.சி.எல்.

டெல்ஃபியில் பணிபுரியும் முறை எளியது. திரையில் வெற்றுப் படிவம் ஒன்று விரியும். பக்கத்திலுள்ள தட்டிலிருந்து பொத்தானை எடுத்துப் படிவத்தில் வைக்கலாம். அதன் நிறம், அகலம், மேலுள்ள எழுத்து ஆகியவற்றை ஒரு பட்டியலில் மாற்றலாம். அதனை அழுத்தும்போது நடைபெற வேண்டிய செயலை மட்டும் பாஸ்கல் மொழியில் எழுதினால் போதும். முடிவில் கிடைப்பது, வேறு துணையின்றித் தானே ஓடக்கூடிய ஒரே கோப்பு. கடையின் சரக்குக் கணக்கையோ, மருத்துவரின் நோயாளிப் பதிவேட்டையோ, பள்ளியின் கட்டணப் பேரேட்டையோ எழுதித் தரும் பணி தனி ஒருவரால் ஆகக்கூடியதாயிற்று. இவ்வாறு எழுதப்பட்ட நிரல்களின் மேல் பலருடைய பிழைப்பு அமைந்தது என்பதை மனத்திற் கொண்டால், பின்னர் வந்த சிக்கலின் கனம் விளங்கும்.

வி.சி.எல். எளிமையாக இருந்தமைக்கு ஒரு காரணம், அது விண்டோஸின் மேல் மெல்லிய போர்வையாக அமைந்திருந்தது என்பதாகும். வி.சி.எல். பொத்தான் என்பது உண்மையில் விண்டோஸின் பொத்தானே. அதனை அடையாளம் காட்ட விண்டோஸ் தந்த எண் ஒன்றைப் பாஸ்கல் உறுப்பு தன்னுள் வைத்திருக்கும். விண்டோஸ் அனுப்பும் செய்திகள் அவ்வுறுப்பின் உள்ளே சென்று சேரும். வரைவதற்கென நிரலாளரிடம் தரப்பட்ட பலகையும் விண்டோஸின் வரைகருவிக்கு மற்றொரு பெயரே. நூலகம் தராத வசதி ஏதேனும் வேண்டுமாயின் நிரலாளர் நேரே விண்டோஸையே அழைத்துப் பெற்றுக்கொள்வார். நாள் செல்லச் செல்ல, பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களின் நரம்பெங்கும் விண்டோஸ் ஊறிப்போயிற்று. பிறந்த மண்ணில் இருக்கும்வரை இது பலம். மண்ணை விட்டுப் பெயர வேண்டிய நாள் வந்தபோது அதுவே கட்டாயிற்று.

அந்நாள் 1990-களின் இறுதியில் வந்தது. ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், பத்தாண்டுக்குள் உலகெங்கும் பரவியிருந்தது. விண்டோஸ் ஒன்றையே நம்பியிருப்பது தகுமா என்ற வினாவைப் பலரும் எழுப்பினர். ஆனால் லினக்ஸ் உலகம் விண்டோஸைப் போன்றதன்று. அங்கே திரையை ஆள்வது எக்ஸ் என்னும் அமைப்பு. 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய அவ்வமைப்பு, சாளரத்தைத் திறந்து தரும். கோடு வரைய இடம் தரும். பொத்தான் இவ்வாறுதான் இருக்க வேண்டும் என்று விதிக்காது. அதனால் பொத்தான்களைத் தரும் நூலகங்கள் பல தனித்தனியே எழுந்தன. அவற்றுள் எதனைச் சார்ந்து நிற்பது என்பதே குடிபெயர விரும்பிய நூலகத்தின் முன் நின்ற முதற்கேள்வி.

இக்கேள்விக்கு இருவகை விடைகள் அக்காலத்தில் வழக்கில் இருந்தன. முதல்வகை, சென்ற இடத்துப் பொருளையே எடுத்தாள்வது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992-இல் தொடங்கிய டபிள்யூ.எக்ஸ். நூலகம் இவ்வகையைச் சேர்ந்தது. விண்டோஸில் ஓடும்போது விண்டோஸின் பொத்தானையும், வேறிடத்தில் ஓடும்போது அவ்விடத்துப் பொத்தானையும் அது கேட்டுப் பெறும். பயனருக்குத் தாம் பழகிய தோற்றமே கிடைக்கும். ஆயினும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு வழக்கம் இருப்பதால், எல்லா இடத்துக்கும் பொதுவானவற்றை மட்டுமே உறுதியாக நம்ப முடியும். இரண்டாம்வகை, தனக்கு வேண்டியதைத் தானே வரைந்துகொள்வது. நார்வே நாட்டினரான ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகிய இருவர் உருவாக்கி 1995-இல் வெளியிட்ட க்யூட் நூலகம் இவ்வழியைப் பின்பற்றியது. ஒவ்வோர் இயங்குதளத்திடமும் வெறுஞ்சாளரத்தை மட்டும் பெற்று, பொத்தானையும் பட்டியலையும் அதுவே தீட்டிக்கொள்ளும். எங்கும் ஒரே ஒழுங்கு கிடைக்கும். அதற்கு விலையாக, ஒவ்வொரு நாட்டின் ஒப்பனையையும் தானே பார்த்துப் பார்த்துப் படி எடுக்க வேண்டும்.

போர்லண்ட் நிறுவனம் இரண்டாம்வகையைத் தேர்ந்தது. டெல்ஃபியை லினக்சுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்குக் கைலிக்ஸ் என்று பெயரிட்டது. பழங்காலக் கிரேக்கரின் கோப்பை ஒன்றின் பெயர் அது. 2001-இல் கைலிக்ஸ் வெளிவந்தது. அதனுள் இருந்த புதிய நூலகம் கிளிக்ஸ் என ஒலிக்கப்பெற்றது; அது க்யூட்டின் மேல் கட்டப்பட்டது. க்யூட் எழுதப்பட்டிருந்தது சி பிளஸ் பிளஸ் மொழியில். பாஸ்கல் நிரல் அம்மொழியின் உறுப்புகளை நேரே அழைக்க இயலாது. எனவே இரண்டுக்கும் நடுவே துபாஷியைப் போல இடைநூலகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த டெல்ஃபி 6-உடனும் கிளிக்ஸ் சேர்க்கப்பட்டது. ஒரே நிரலை விண்டோஸிலும் லினக்சிலும் ஓட்டலாம் என்ற நம்பிக்கை அளிக்கப்பட்டது.

அந்நம்பிக்கை பொய்யன்று, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கிளிக்ஸ், வி.சி.எல்.-ஐ ஒத்த வேறொரு நூலகமே தவிர, வி.சி.எல். அன்று. படிவத்தையும் பொத்தானையும் தாங்கிய நிரல்தொகுதிகளின் பெயர்கள் மாறின. படிவத்தைச் சேமிக்கும் கோப்பின் வகையும் மாறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, விண்டோஸ் செய்திகள் நீக்கப்பட்டு அவற்றின் இடத்தில் க்யூட்டின் நிகழ்ச்சிகள் வந்தன. விண்டோஸ் ஊறிப்போன பழைய நிரலைக் கிளிக்சுக்குக் கொண்டுவர விரும்பியவர் அதனை வரி வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. வெளியார் எழுதி விற்றுவந்த எண்ணற்ற கூடுதல் உறுப்புகளும் புதிதாக எழுதப்பட வேண்டியவையாயின. கைலிக்ஸின் வடிவமைப்புக் கருவியே முழுமையாகக் குடிபெயரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விண்டோஸ் நிரல்களை லினக்சில் ஓடவைக்கும் ஒயின் என்னும் தொகுதியின் துணைகொண்டே அது இயங்கியது. பிறரைக் குடியேற்ற வந்த கருவி, தான் மட்டும் பழைய வீட்டின் சுவர்களைச் சுமந்துகொண்டு வந்திருந்தது.

2002-இல் வெளிவந்த கைலிக்ஸ் 3-ஏ கடைசிப் பதிப்பாயிற்று. அதன்பின் நிறுவனத்தின் கவனம் வேறு திசையில் திரும்பியது. லினக்சோ நிற்கவில்லை, அதன் அடிப்படை நூலகங்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தன. க்யூட்டும் அடுத்தடுத்த பதிப்புகளுக்குச் சென்றது. நகராமல் நின்ற கைலிக்ஸ், புதிய லினக்ஸ் பதிப்புகளில் நிறுவுவதற்கே அரிதாயிற்று. கிளிக்ஸின் ஒரு பகுதியின் மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தது உண்மையே. ஆயினும் கம்பைலரும் வடிவமைப்புக் கருவியும் நிறுவனத்தின் பூட்டுக்குள்ளேயே இருந்தன. பழுது பார்க்க விரும்பியவர் கையில் சாவி இல்லை. அவ்வழியை நம்பித் தம் நிரல்களை மாற்றி எழுதியவர்களின் உழைப்பு, தவறு ஏதும் அவர்கள் செய்யாமலே, பயனற்றதாயிற்று. 2008-இல் போர்லண்ட் தன் நிரல்கருவிப் பிரிவை எம்பார்காடெரோ நிறுவனத்துக்கு விற்றது.

இனி மற்றொரு முயற்சியைக் காண்போம். டர்போ பாஸ்கலின் பழைய டாஸ் வடிவம் மேலும் வளராது என்பது தெரிந்தபோது, ஜெர்மனி நாட்டு மாணவர் ஃப்ளோரியான் க்ளேம்ஃபல், 1993-இல் தாமே பாஸ்கல் கம்பைலர் ஒன்றை எழுதத் தொடங்கினார். முதலில் டர்போ பாஸ்கலைக் கொண்டே எழுதப்பெற்ற அது, பின்னர்த் தன்னைத் தானே மொழிமாற்றிக்கொள்ளும் வல்லமை பெற்றது. ஃப்ரீ பாஸ்கல் என்னும் பெயருடன் அதன் மூலநிரல் எவரும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் கூடியவாறு வெளியிடப்பட்டது. கம்பைலர் கிடைத்துவிட்டது, டெல்ஃபியின் உறுப்பு நூலகத்துக்கு ஈடாக ஒன்று வேண்டுமே என்று சிலர் எண்ணினர். மெகிடோ என்ற பெயரில் ஒரு குழு தொடங்கிய பணி பாதியில் நின்றது. அதில் ஈடுபட்டிருந்த சிலர் 1999-இல் மீண்டும் தொடங்கினர். இறந்து உயிர்த்தெழுந்தவராக விவிலியம் கூறும் லாசரின் பெயரே இப்புதிய பணிக்கு லசரஸ் என்று இடப்பட்டது. கைலிக்ஸ் விற்பனைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஈராண்டு முன்பே இது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்க.

லசரஸ் குழுவினர் கட்டிய நூலகம் லசரஸ் காம்போனென்ட் லைப்ரரி, அதாவது எல்.சி.எல். வி.சி.எல். மற்றொருவரின் உடைமை, அதனைப் படியெடுத்தல் கூடாது. ஆகவே அவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் புதிதாக எழுதினர். ஆனால் வெளியே தெரியும் பெயர்களை மாற்றவில்லை. டெல்ஃபியில் பொத்தானுக்கு என்ன பெயரோ அதுவே லசரஸிலும். அதன் பண்புகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அதே பெயர்கள். படிவத்துக்கும் பெரும்பாலும் அதே நடை.

விண்டோஸ் செய்திகளை அவர்கள் கையாண்ட விதம் தனியே குறிப்பிடத்தக்கது. கிளிக்ஸ் அவற்றைக் களைந்தெறிந்தது. எல்.சி.எல். அவற்றைத் தன்னுடையவையாக ஆக்கிக்கொண்டது. விண்டோஸ் செய்திகளின் பெயர்கள் டபிள்யூ.எம். என்னும் முன்னெழுத்துகளுடன் தொடங்கும்; எல்.சி.எல். தன் செய்திகளுக்கு எல்.எம். என்னும் முன்னெழுத்துகளை இட்டது. ஓர் எழுத்து மாறியது, முறை மாறவில்லை. லினக்சில் பொத்தான் அழுத்தப்படும்போது அங்குள்ள நூலகம் தன் வழக்கப்படி அறிவிக்கும், எல்.சி.எல். அவ்வறிவிப்பைத் தன் செய்தியாக மாற்றி உள்ளே அனுப்பும். விண்டோஸை நேரே அழைத்து நிரலாளர் பெற்ற செயல்கள் பலவற்றுக்கும் அதே பெயரில் மாற்றுச் செயல்கள் எழுதிவைக்கப்பட்டன. ஆகவே பழைய நிரல் தான் எங்கே இருக்கிறது என்பதைப் பெரிதும் அறியாமலே இயங்கலாயிற்று.

இடத்துக்கு இடம் மாறும் பகுதியைத் தனியே ஓர் அடுக்காகப் பிரித்தது அவர்களின் மற்றொரு தேர்ச்சி. பொத்தான் என்னும் கருத்து மேலடுக்கில் இருக்கும். அதனை விண்டோஸில் எவ்வாறு உண்டாக்குவது, ஜி.டி.கே. நூலகத்தில் எவ்வாறு, க்யூட்டில் எவ்வாறு, மாக் கணிப்பொறியில் எவ்வாறு என்பன கீழடுக்கில் தனித்தனித் தொகுதிகளாக இருக்கும். நிரலை மொழிமாற்றும்போது எத்தொகுதி வேண்டும் என்று குறித்தால் போதும். போர்லண்ட் க்யூட் ஒன்றையே சார்ந்து நின்றது, எல்.சி.எல். க்யூட்டையும் பல சார்புகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டது. ஒரு சார்பு முறிந்தால் மற்றொன்றில் கால் ஊன்றலாம்.

இதனால் இடர்கள் இல்லாமற் போயின என்று எண்ணலாகாது. விண்டோஸ் நிரலாளர் ஒவ்வொரு பொத்தானையும் இத்தனை புள்ளி அகலம், இத்தனை புள்ளி உயரம் என்று அளந்து வைத்துப் பழகியவர். ஜி.டி.கே. உலகமோ, எழுத்தின் அளவுக்கும் ஒப்பனைக்கும் ஏற்பப் பொத்தான் தானே விரிய வேண்டும் என்னும் கொள்கை உடையது. அளந்து வைத்த பெட்டிக்குள் லினக்சின் எழுத்துப் பிதுங்கி நின்றது. விண்டோஸில் திரையின் அளவு மேல் இடது மூலையிலிருந்து தொடங்குகிறது; மாக் கணிப்பொறியின் கோகோ நூலகத்தில் கீழ் இடது மூலையிலிருந்து தொடங்குகிறது. ஏற்புப் பொத்தான் விண்டோஸில் இடப்புறமும் விலக்குப் பொத்தான் வலப்புறமும் இருக்கும். மாக்கில் இம்முறை தலைகீழாகும். கட்டளைப் பட்டை விண்டோஸில் சாளரத்தின் தலையில் இருக்கும். மாக்கில் திரையின் உச்சியில் இருக்கும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் லினக்சில் வெவ்வேறாகக் கருதப்படும், விண்டோஸில் அவ்வாறன்று. ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் வேற்றூரில் வாழ்வோர் அறிவார்: பெரிய வேறுபாடுகளுக்கு நாம் முன்கூட்டியே ஆயத்தமாகிவிடுகிறோம், நாள்தோறும் இடறச் செய்பவை சிறியனவே.

இவ்விடத்தில் தமிழெழுத்தும் இவ்வரலாற்றுக்குள் வருகிறது. திரையில் தமிழை எழுதுவது ஆங்கிலத்தை எழுதுவது போன்றதன்று. ககரத்தின் மேல் ஒகரம் ஏறினால் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னுமாக எழுத வேண்டும். நினைவகத்தில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இவ்வொழுங்கை அறிந்து வரையும் பகுதி ஒன்று வேண்டும். தானே வரைந்துகொள்ளும் நூலகம் இவ்வறிவையும் தானே சுமக்க வேண்டும். இடத்தின் பொருளை எடுத்தாளும் நூலகத்துக்கோ, அவ்விடம் தமிழ் அறிந்ததாயின், தமிழ் எளிதிற் கிடைத்துவிடும். 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் பதிப்பு இவ்வறிவைத் தன்னுள் கொண்டிருந்தது, ஜி.டி.கே. இதற்கெனப் பாங்கோ என்னும் துணைநூலகத்தைப் பெற்றது. க்யூட் நூலகமும் தமிழைப் புறக்கணிக்கவில்லை. பல நாட்டுத் தமிழர் இணையவழி கலந்து பேசி 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கிய டிஸ்கி எழுத்துமுறைக்கெனத் தனி மாற்றுக்கருவி ஒன்று க்யூட்டில் இடம்பெற்றது. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்ந்த தமிழரின் கூட்டுமுயற்சி, நார்வேயில் பிறந்த நூலகத்தினுள் இவ்வாறு தன் தடத்தைப் பதித்தது.

உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறை நிலைபெற்றபின் புதிய வேறுபாடு ஒன்று எழுந்தது. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கப் பல வழிகள் உண்டு. டெல்ஃபி 2009-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு குறியையும் பதினாறு பிட் அலகுகளில் சேமித்தது, எல்.சி.எல். எட்டு பிட் அலகுகளின் வழியைக் கைக்கொண்டது. தமிழ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்து எத்தனை என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்னும். குறிகளாகப் பிரித்தால் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து. டெல்ஃபியிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்னும். லசரஸிடம் கேட்டால் 15 என்னும். எட்டு பிட் வழியில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று அலகுகள் வேண்டும். இரண்டும் தத்தம் கணக்கில் சரியே. ஆனால் பெயரின் முதல் பத்து அலகுகளை மட்டும் அச்சிடு என்று எழுதப்பட்ட நிரல், குடிபெயர்ந்தபின் தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் இதனை அறியவே மாட்டார். பெயர்கள் தமிழில் இருக்கும் பேரேட்டில்தான் குறை புலப்படும்.

குடிபெயர்ப்பு ஒருநாளில் முடியும் செயலன்று என்பதை மாக் கணிப்பொறியின் வரலாறு காட்டுகிறது. எல்.சி.எல். அங்கே முதலில் கார்பன் என்னும் நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. கார்பனை 64 பிட் உலகுக்குக் கொண்டுசெல்வதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் 2007-இல் முடிவுசெய்தது. 2019-இல் வந்த இயங்குதளப் பதிப்பில் 32 பிட் நிரல்கள் ஓடுவதே நின்றுபோயிற்று. கார்பன் அடுக்கில் செய்த உழைப்பு அதனுடன் முடிந்தது. லசரஸ் குழுவினர் கோகோ நூலகத்துக்கெனப் புதிய அடுக்கை எழுதினர். மேலடுக்கு மாறவில்லையாதலால் பயனர்களின் நிரல்கள் பிழைத்தன. 2020-இல் ஆப்பிள் தன் கணிப்பொறிகளுக்குப் புதிய செயலியை மேற்கொண்டபோதும் கம்பைலரை அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று. நிலம் நகர்ந்துகொண்டே இருக்கும் ஊரில் வீடு கட்டியவர் ஆண்டுதோறும் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லசரஸ் 1.0 என்னும் முதல் முழுப்பதிப்பு 2012 ஆகஸ்டில் வெளிவந்தது. தொடங்கியதிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. கைலிக்ஸ் பிறந்து மறைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. இடைக்காலத்திலேயே பலர் அதனை நம்பிப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். கோப்புகளைக் கையாளும் டோட்டல் கமாண்டர் என்னும் புகழ்பெற்ற நிரல் டெல்ஃபியில் எழுதப்பட்டது. அதன் 64 பிட் வடிவம் லசரஸைக் கொண்டு உருவாக்கப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் பீ-ஜிப், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டபுள் கமாண்டர் ஆகியவையும் லசரஸில் எழுதப்பட்டு விண்டோஸிலும் லினக்சிலும் ஓடுகின்றன. எம்பார்காடெரோ நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 2011-இல் ஃபயர்மங்கி என்னும் புதிய நூலகத்தை வெளியிட்டது. அது தானே வரைந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. 2017-இல் லினக்சுக்கான கம்பைலரும் டெல்ஃபிக்கு மீண்டும் வந்தது. கைவிடப்பட்ட வழி தேவையற்ற வழியன்று என்பதற்கு இதுவே சான்று.

நடுநிலையோடு நோக்கினால் எல்.சி.எல்.-இடத்தும் குறைகள் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் ஒரே அளவு முதிர்ச்சி பெற்றதில்லை. விண்டோஸில் செவ்வனே இயங்கும் உறுப்பு மாக்கில் சற்றே பிசகக் கூடும். எங்கும் ஓடும் என்பதனால் எங்கும் சோதிக்க வேண்டாம் என்று பொருளாகாது. தன்னார்வலரின் ஓய்வுநேரத்தை நம்பிய பணியாதலால் சில திருத்தங்கள் நெடுங்காலம் காத்திருக்கின்றன. போர்லண்டின் பொறியாளர்களின் திறமையையும் குறைத்துக் கூறுதல் முறையன்று. நன்கு எண்ணிச் செய்யப்பட்ட நூலகமே கிளிக்ஸ். அதன் பெயர்களும் ஒழுங்கும் தூய்மையானவை. பழைய சுமையைக் களைந்து புதிய இடத்துக்குப் பொருந்தி நிற்பது என்னும் அதன் கொள்கையில் நியாயம் இருந்தது.

அங்ஙனமாயின் முடிவுகள் வேறுபட்டமைக்குக் காரணம் யாது? இரண்டைக் கூறலாம். முதலாவது, எதனை மாற்றலாகாது என்பதைப் பற்றிய தெளிவு. நூலகத்தைக் கட்டியவருக்கு அதன் உள்ளமைப்பு முதன்மையாகத் தோன்றும். அதனைப் பயன்படுத்துவோர்க்கோ முதன்மையானது வாக்குறுதி: இப்பெயரால் அழைத்தால் இச்செயல் நடைபெறும் என்னும் உறுதி. எல்.சி.எல். சுவர்களையெல்லாம் மாற்றி வாக்குறுதியைக் காத்தது. கிளிக்ஸ் வாக்குறுதியையே மாற்றியமைத்துப் பயனரைப் பின்தொடரச் சொன்னது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சென்ற இடத்தில் தங்கியிருந்து பேணுவோர் யார் என்பதே அது. நிறுவனத்துக்குக் குடிபெயர்ப்பு ஒரு வணிகத் திட்டம். வரவு செலவு ஒத்துவராதபோது அதனை முடித்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. லசரஸைப் பேணியவர்களோ பெரும்பாலும் அதனையே தம் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள். அது பழுதானால் தம் நிரலும் பழுதாகும். ஒருவர் விலகியபோது மற்றொருவர் எடுத்து நடத்தும்படி மூலநிரல் யாவரிடத்தும் இருந்தது.

தம் அலுவலகத்திற்கோ தொழிலுக்கோ மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்று நம்மவரில் பலருக்கு வந்துசேர்கிறது. இக்கருவி எத்தனை இயங்குதளங்களில் ஓடும் என்று கேட்பது வழக்கம். அதனுடன் வேறு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது நலம். பழைய நிரலில் எவ்வளவு மாற்றாமல் நிற்கும்? தமிழில் எழுதிய பேரேட்டை அது சிதைக்காமல் காக்குமா? அதனை ஆக்கியவர் நாளை கைவிட்டால் சாவி எவர் கையில் இருக்கும்? முதல் இரண்டுக்கும் விடையை ஒருநாள் சோதனையில் கண்டுகொள்ளலாம். மூன்றாவதன் விடையை உரிம ஒப்பந்தத்தின் வரிகளில், கையெழுத்திடுவதற்கு முன்னரே, தேடிப் படித்தல் வேண்டும்.